கல்யாண ஓடர்களைக் கலண்டரில் தானாக ஏற்ற என்ன வழி? ஒரே காலையை இரண்டு வீட்டுக்குக் கொடுத்துவிட்டோம்

கொக்குவில்_கமரா
வெள்ளி, இரவு 9:12

எல்லோருக்கும் வணக்கம். எங்களுடையது படப்பிடிப்பு ஸ்ரூடியோ. அப்பா தொடங்கினது, இப்போது நானும் மச்சானும் கூட நிற்கிறோம். ஓடர் நாலு பக்கத்தால் வருகிறது: அப்பாவின் போன், என் வட்ஸ்அப், மச்சானின் வைபர், அப்புறம் நேரே கடைக்கு வந்து கதைப்பவர்கள். எல்லாவற்றுக்கும் ஒரே டயறி, அது கடை மேசையில் கிடக்கும். கடையில் நிற்பவருக்கு மட்டும்தான் அது தெரியும்.

வைகாசியில் நல்ல முகூர்த்தம் சில நாள்தான், எல்லா வீடும் அதே நாளைத்தான் கேட்கும். அப்பா டயறியில் "திருநெல்வேலி, பொன்னுருக்கு, காலை" என்று எழுதி வைத்திருந்த அதே காலையை, மண்டபம் ஒன்றில் படம் எடுத்துக்கொண்டு நின்ற மச்சான் இன்னொரு வீட்டுக்கு ஓம் என்று சொல்லிவிட்டார். எங்களுக்குத் தெரிய வந்தது முதல் நாள் இரவு எட்டு மணிக்கு. சாவகச்சேரியில் தெரிந்த ஒருவரைக் கெஞ்சி அனுப்பினோம். அடுத்த நாள் காலை மாப்பிள்ளையின் அம்மா போன் எடுத்து, "உங்கட அப்பா வருவார் எண்டுதானே தம்பி உங்களிட்டத் தந்தனாங்கள்" என்றார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். முற்பணத்தை முழுதாகத் திருப்பிக் கொடுத்தோம்.

அதோடு ஒரு கல்யாணம் என்றால் ஒரு நாள் இல்லை. பொன்னுருக்கு (தாலிக்குப் பொன் உருக்கும் சடங்கு), கல்யாணம், வரவேற்பு, படம் தெரிவு செய்ய வீட்டுக்காரர் கடைக்கு வரும் நாள், அல்பம் கொடுக்கும் நாள் என்று ஐந்து. கல்யாண நாள் ஒன்று மாறினால் மற்றவையும் சேர்ந்து நகர வேண்டும்.

கூகிள் ஃபோம் ஒன்று செய்து, ஒரு செயலியை இன்னொன்றோடு இணைக்கும் ஸேப்பியர் என்ற இணையச் சேவையால் கலண்டருக்கு இணைத்துப் பார்த்தேன். இலவசத் திட்டத்தில் ஒரு தூண்டலுக்கு ஒரு செயல்தான், ஆக ஐந்து நிகழ்வுக்கு ஐந்து தனி இணைப்பு. மாதம் 100 வேலை என்ற எல்லையில் இருபது ஓடரோடு சரி, மூன்றாவது கிழமையே நின்றுவிட்டது. காசு கட்டலாம் என்றால் டொலரில்தான் கட்ட வேண்டும். 2022இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 360க்குப் போனதைப் பார்த்த பிறகு டொலரில் மாதக் காசு கட்டும் எதையும் அப்பா தொடவிட மாட்டார், எனக்கும் அதில் விருப்பமில்லை. என்ன செய்யலாம்?

மானிப்பாய்_ஷீற்
வெள்ளி, இரவு 10:05

தம்பி, காசு கட்டத் தேவையில்லை. ஒரு கூகிள் ஷீற்றும் அதற்குள்ளேயே இருக்கிற ஆப்ஸ் ஸ்கிரிப்டும் (ஷீற்றுக்கு வேலை சொல்லிக் கொடுக்கும் சின்ன நிரல்) போதும்.

ஷீற்றில் ஒரு வரி ஒரு கல்யாணம். ஸ்கிரிப்ட் அந்த வரியைப் படித்து ஐந்து நிகழ்வையும் கலண்டரில் உருவாக்கும். உருவாக்கும்போது கலண்டர் ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஓர் அடையாள எண் கொடுக்கும், அதை அதே வரியின் கடைசிப் பத்திகளில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். பலரும் விடுகிற இடம் இதுதான். அந்த எண் இருந்தால் அடுத்த முறை ஸ்கிரிப்ட் ஓடும்போது "இது ஏற்கெனவே இருக்கிறது, நேரத்தை மட்டும் மாற்று" என்று தெரியும். எண் இல்லை என்றால் ஓடுகிற ஒவ்வொரு முறையும் புதிதாக ஐந்து முளைக்கும், திகதி மாறிய கல்யாணம் பழைய நாளிலும் நிற்கும், புதிய நாளிலும் நிற்கும். நீங்கள் தப்ப நினைக்கிற குழப்பமே திரும்ப வரும்.

எல்லைகள் உங்களுக்குத் தாராளம். ஒரு ஓட்டம் 6 நிமிடத்துக்குள் முடிய வேண்டும், சாதாரண ஜிமெயில் கணக்கில் ஒரு நாளைக்கு 5000 நிகழ்வு வரை உருவாக்கலாம்.

இரண்டு விஷயத்தில் கவனம். ஷீற்றில் கையால் எழுதியதும் ஓட வேண்டும் என்று "ஒன்எடிற்" என்ற பெயரில் சும்மா ஒரு செயற்கூறு எழுதினால் அது கலண்டரைத் தொடாது, அனுமதி இல்லை என்று நின்றுவிடும். ஸ்கிரிப்ட் பக்கத்தின் இடப்பக்கக் கடிகாரப் படத்தை அழுத்தி ட்ரிகரை, அதாவது ஸ்கிரிப்டை ஓடவைக்கும் தூண்டலை, நீங்களே நிறுவ வேண்டும். ஃபோமுக்கு என்று போட்ட ட்ரிகரோ ஃபோம் வழியாக வந்தால் மட்டும்தான் ஓடும், ஷீற்றில் கையால் எழுதினால் அசையாது.

மற்றது ஷீற்றின் நாட்டு அமைப்பு. அது அமெரிக்கா என்று இருந்தால் 05/06 என்று நீங்கள் ஜூன் 5ஐ எழுத அது மே 6 என்று எடுத்துக்கொள்ளும், ஒரு சத்தமும் போடாது. 12க்கு மேற்பட்ட நாள்களில் பிழை தெரிந்துவிடும், 12க்கு உட்பட்ட நாள்களில் தெரியவே தெரியாது. முதல் வேலையாக செற்றிங்ஸில் ஐக்கிய இராச்சியம் போல நாளை முதலில் எழுதும் நாடு ஒன்றையும் நேர வலயம் கொழும்பு என்றும் மாற்றுங்கள். ஸ்கிரிப்டுக்குத் தனியாக ஒரு நேர வலயம் இருக்கிறது, அதையும் பாருங்கள்.

தீவகத்தான்
வெள்ளி, இரவு 11:31

நான் என்8என் பக்கம். பெர்லினில் தொடங்கின கருவி, உங்கள் சொந்த சேர்வரில் நீங்களே போட்டு ஓட்டலாம், அப்படி ஓட்டினால் எத்தனை வேலை ஓடுகிறது என்று யாரும் எண்ண மாட்டார்கள். பெட்டி பெட்டியாக இழுத்து இணைப்பதால் எழுதத் தெரியாதவருக்கும் விளங்கும். டெலிகிராமுக்குச் செய்தி அனுப்புவது, மெயிலைப் படிப்பது எல்லாம் அதே இடத்தில்.

ஆனால் நேர வலயம் பற்றி அண்ணை சொன்னதை நான் அனுபவித்துத்தான் படித்தேன். படகு ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்தவர்களுக்குக் காலை 6 மணிக்குச் செய்தி போக வேண்டும் என்று வைத்திருந்தேன். செய்தி போனது பின்னேரம் மூன்றரைக்கு, படகு போய் வந்த பிறகு. இரண்டு நாள் என் இணைப்புகளைக் கழற்றிப் பூட்டினேன், எல்லாம் சரி. கடைசியில் பார்த்தால் என்8என் தானாக எடுத்துக்கொள்ளும் நேர வலயம் நியூயோர்க். அங்கே காலை 6 என்றால் கோடையில் நமக்கு 3:30, மாரியில் 4:30. நிறுவும்போதே பொது நேர வலயம் என்ற அமைப்பில் ஏசியா/கொழும்பு என்று கொடுக்க வேண்டும், வேர்க்ஃப்ளோவின் செற்றிங்ஸிலும் தனியாக ஒரு தெரிவு இருக்கிறது.

வீட்டில் பழைய மடிக்கணினியில் ஓட்ட நினைத்தால் கரண்டையும் நினையுங்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோம். இப்போது அப்படி இல்லைதான், ஆனாலும் வெட்டு வந்த அந்த அரை மணியில் விடுபட்ட வேலை கரண்ட் வந்ததும் தானாக ஓடாது.

பழைய_டயறி
சனி, காலை 6:40

பிள்ளைகள், நான் வான் ஓட்டம் செய்கிறவன், கொம்பியூற்றர் படித்தவனில்லை. தம்பியின் கதையை இரண்டு தரம் வாசித்தேன். அதில் பிழைத்தது கருவி இல்லை. டயறியைப் பார்க்காமல் ஒருவர் ஓம் சொன்னார், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் நானும் மகனும் ஒரு கூகிள் கலண்டரைப் பகிர்ந்து வைத்திருக்கிறோம். ஒரே ஒரு சட்டம்: "பார்த்துப்போட்டு ஐந்து நிமிசத்தில எடுக்கிறன்" என்று சொல்லாமல் யாருக்கும் ஓம் சொல்லக்கூடாது. கேட்கிறவர் ஒருவரும் கோபிக்கவில்லை. ஸ்கிரிப்ட் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை, இந்தச் சட்டம் இல்லாமல் ஸ்கிரிப்ட் வந்தால் அதுவும் மேசை டயறி மாதிரித்தான் கிடக்கும்.

சுன்னாகம்_வகுப்பு
சனி, காலை 10:18

ஐயா சொன்னதற்கு மேல் என் அனுபவம் ஒன்று. நான் ஒரு தனியார் கல்வி நிலையத்தில் நேர அட்டவணை பார்க்கிறேன். ஓ.எல், ஏ.எல் என்று கிழமைக்கு நாற்பதுக்கு மேல் வகுப்பு, ஆசிரியர்கள் பாதிப்பேர் மூன்று நிலையங்களில் படிப்பிக்கிறவர்கள், ஒருவர் நேரம் மாற்றினால் நாலு வகுப்பு ஆடும்.

ஷீற்றில் மாற்றினாலும் கலண்டரில் மாற்றினாலும் மற்றதில் மாற வேண்டும் என்று ஆசைப்பட்டு மேக் (Make) என்ற இணைப்புக் கருவியில், முன்பு இன்ரகிரோமாற் என்று இருந்ததே அதில், இரண்டு பக்கமும் இணைத்தேன். ஷீற்றில் வரி வந்தால் கலண்டரில் நிகழ்வு, கலண்டரில் நிகழ்வு வந்தால் ஷீற்றில் வரி. நினைத்துப் பாருங்கள் என்ன நடக்கும் என்று. ஒரு வகுப்பை எழுதினேன், அது நிகழ்வாகியது, அந்த நிகழ்வு புதிய வரியாகியது, அந்த வரி இன்னொரு நிகழ்வாகியது. இலவசத் திட்டத்தில் 15 நிமிடத்துக்கு ஒரு முறைதான் பார்க்கும் என்பதால் மெல்ல மெல்ல ஏறியது, அதுதான் எனக்கு உடனே தெரியாமல் போனதற்குக் காரணம். விடியப் பார்த்தால் சனிக்கிழமை இரசாயனவியல் வகுப்பு ஒன்றின் மேல் ஒன்றாக நூல் நூலாகத் தெரிகிறது, பெயரை வாசிக்கக்கூட இடமில்லை. பிள்ளைகளின் போனில் எல்லாம் நினைவூட்டல் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. ஒரு தாய் வந்து "ரீச்சர், என்ன அவசரம்?" என்று கேட்டார்.

அன்றைக்கே ஒரு பக்கத்தை வெட்டிவிட்டேன். இப்போது ஷீற்தான் மூலம், கலண்டர் வெறும் கண்ணாடி. கலண்டரில் ஒருவரும் கை வைக்க முடியாது, பார்க்கும் உரிமை மட்டும். தம்பி, உங்கள் வீட்டில் எது மூலம் என்று முதலில் மூன்று பேரும் இருந்து கதையுங்கள். டயறி என்றாலும் சரி, ஷீற் என்றாலும் சரி, ஒன்று மட்டும்.

கொக்குவில்_கமரா
ஞாயிறு, இரவு 8:47

எல்லோருக்கும் நன்றி. அக்கா, நீங்கள் சொன்னபடி நேற்று இரவு மூன்று பேரும் இருந்து கதைத்தோம். சிக்கல் அப்பாதான். அவர் டயறியை விட மாட்டார், எனக்கும் அவரிடம் இருந்து அதைப் பறிக்க மனமில்லை. எந்த வீட்டில் யாருடைய கல்யாணம், அந்த வீட்டின் மூத்தவளுக்குச் சாமத்திய வீடு எடுத்தது எந்த வருடம் என்பதெல்லாம் அந்தக் கையெழுத்தைப் பார்த்தால்தான் அவருக்கு ஞாபகம் வரும்.

முடிவாக ஷீற்தான் மூலம் என்று ஒத்துக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு: அவருக்கு வருகிற போனை அவர் ஷீற்றில் எழுத மாட்டார், எனக்குச் சொல்வார், நான் எழுதுவேன். இப்போது கேள்வி: எழுதியதும் அந்த நேரத்தில் வேறு வேலை இருந்தால் ஷீற்றே சொல்லுமா? மச்சானும் நானும் ஒரே நேரம் எழுதினால்?

மானிப்பாய்_ஷீற்
ஞாயிறு, இரவு 9:30

சொல்லும். நிகழ்வை உருவாக்க முன்னர் அந்தத் தொடக்க நேரத்துக்கும் முடிவு நேரத்துக்கும் இடையில் கலண்டரில் என்ன இருக்கிறது என்று ஸ்கிரிப்டைக் கேட்கச் சொல்லுங்கள். ஒன்றுமில்லை என்றால் உருவாக்கி வரியைப் பச்சையாக்கும். ஏதாவது இருந்தால் உருவாக்காது, வரியைச் சிவப்பாக்கி, எந்த வீட்டோடு முட்டுகிறது என்று பக்கத்துக் கட்டத்தில் எழுதும். போகும் வழியையும் சேருங்கள். கொக்குவிலில் 11 மணிக்கு முடித்துப் பருத்தித்துறையில் 11 மணிக்குத் தொடங்க முடியாது, கலண்டருக்கு அது தெரியாது. ஒவ்வொரு வேலைக்கும் முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலம் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டு பேர் ஒரே நேரம் எழுதுவதற்கு ஆப்ஸ் ஸ்கிரிப்டில் பூட்டு ஒன்று இருக்கிறது. முதல் ஓட்டம் பூட்டைப் பிடித்தால் அடுத்தது காத்து நிற்கும். இல்லாவிட்டால் இரண்டும் ஒரே கணத்தில் "இடம் இருக்கிறது" என்று பார்த்து இரண்டும் எழுதிவிடும்.

இன்னொன்று, முழுநாள் நிகழ்வாகப் போட்டால் முடிவுத் திகதிக்கு ஒரு நாள் கூட்டிக் கொடுங்கள். கலண்டர் முடிவு நாளைக் கணக்கில் எடுக்காது. 10ஆம் திகதியில் இருந்து 12 வரை என்று கொடுத்தால் 10, 11 இரண்டு நாள்தான் நிற்கும், 12ஐ வெறும் நாள் என்று நினைத்து இன்னொருவருக்குக் கொடுப்பீர்கள்.

ரொறன்ரோ_யாழ்
திங்கள், காலை 7:55

இங்கேயிருந்து ஒரு கோரிக்கை. என் தங்கைக்கு ஊரில் கல்யாணம் நடந்தபோது படப்பிடிப்புக்காரர் வீடியோ அழைப்பு நேரத்தை "ரொறன்ரோ நேரம் இரவு 9:30" என்று தானே கணக்குப் பார்த்து எழுதி அனுப்பினார். அவர் கழித்தது பத்தரை மணித்தியாலம், மாரிக் கணக்கு. நாங்கள் மார்ச் இரண்டாவது ஞாயிறே மணிக்கூட்டை ஒரு மணி முன்னுக்குத் தள்ளிவிட்டோம், அதனால் வித்தியாசம் ஒன்பதரை. நாங்கள் 9:30க்கு வந்து இருந்தபோது அழைப்பு தொடங்க இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. அம்மா திரையைப் பார்த்தபடி ஒன்றும் கதைக்காமல் இருந்தார்.

தயவுசெய்து நீங்கள் கூட்டிக் கழிக்க வேண்டாம். நிகழ்வைக் கொழும்பு நேரத்தில் போட்டு எங்களை அழைப்பாளராகச் சேர்த்துவிடுங்கள், எங்கள் கலண்டர் எங்கள் நேரத்தைக் காட்டும். லண்டனில் இருப்பவர்களுக்கு மணிக்கூடு மாறுவது மார்ச் கடைசி ஞாயிறு, எங்களோடு சேர்ந்து மாறாது. இதை ஒரு ஆள் மனதில் வைத்துக் கணக்குப் பார்ப்பது கஷ்டம்.

பழைய_டயறி
திங்கள், பின்னேரம் 4:10

நானும் ஒன்று கேட்கிறேன். நல்லூர்த் திருவிழா 25 நாளும் கோயிலைச் சுற்றி வீதி மூடுவார்கள், அந்தப் பக்கம் ஓட்டத்துக்கு நேரம் கூட வைக்க வேண்டும். 2024இல் கொடியேற்றம் ஓகஸ்ட் 9. "ஒவ்வொரு வருடமும்" என்று போட்டு வைத்தேன். 2025இல் கொடி ஏறியது ஜூலை 29, என் கலண்டரில் 11 நாள் பிந்தித்தான் நின்றது. இதைத் தானாகச் செய்ய வழியில்லையா?

சுன்னாகம்_வகுப்பு
திங்கள், இரவு 8:02

ஐயா, கலண்டரின் மீள்நிகழ்வு விதிக்கு ஆங்கில மாதமும் கிழமையும்தான் தெரியும், திதி தெரியாது. ஆடி அமாவாசையோடு எண்ணி ஆறாம் நாள் கொடி, 24ஆம் நாள் தேர், ஆவணி அமாவாசையில் தீர்த்தம் என்ற கணக்கை அதில் எழுத முடியாது. நான் செய்வது: பஞ்சாங்கம் வந்ததும் ஒரு மாலை இருந்து அந்த வருடத்துக்கான நாள்களைத் தனி ஷீற்றில் எழுதி, "ஊர்" என்று தனிக் கலண்டருக்கு ஏற்றிவிடுவேன். கொடியேற்றத்தை எழுதினால் மஞ்சம், சப்பறம், தேர், தீர்த்தம் நாலும் நாள் எண்ணிக்கையால் வந்துவிடும், 10, 23, 24, 25. பௌர்ணமி விடுமுறைகள் கூகிளின் இலங்கை விடுமுறைக் கலண்டரிலேயே இருக்கின்றன.

இராகுகாலம் மாத்திரம் மீள்நிகழ்வுக்கு நன்றாகப் பொருந்தும். திங்கள் 7:30 முதல் 9, சனி 9 முதல் 10:30, வெள்ளி 10:30 முதல் 12 என்று கிழமையோடு போவதால் ஏழு நிகழ்வு போட்டால் என்றைக்கும் நிற்கும். தம்பி, முகூர்த்த நாள்களை ஏற்றும்போது வாக்கியப் பஞ்சாங்கமா திருக்கணிதப் பஞ்சாங்கமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டு ஒரு பத்தியில் எழுதி வையுங்கள். இரண்டு பஞ்சாங்கத்திலும் நேரம் ஒன்றாக வராது, நீங்களாக ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டாம்.

கொக்குவில்_கமரா
மூன்று கிழமைக்குப் பிறகு, ஞாயிறு, இரவு 9:50

சொன்னபடி செய்து மூன்று கிழமை ஓட்டிவிட்டேன், அதனால் எழுதுகிறேன்.

ஷீற்றில் பதினான்கு பத்தி. கல்யாண நாளும் நேரமும் எழுதினால் வரவேற்பு, படம் தெரிவு, அல்பம் மூன்றும் நாள் கணக்கில் தானாக வருகின்றன. பொன்னுருக்கை மட்டும் கையால் எழுதுகிறேன், அதற்குத் தனியாக நாள் பார்ப்பார்கள். முட்டினால் சிவப்பு. முதல் கிழமையே ஒரு வரி சிவப்பானது. மச்சான் மானிப்பாயில் நின்று எழுதினார், நான் கடையில் இருந்து பார்த்தேன், கட்டத்தில் "கோண்டாவில் வரவேற்பு, மாலை 5" என்று வந்தது. அவர் அந்த வீட்டுக்கு அப்போதே, "அம்மா, அண்டைக்கு எங்களால ஏலாது" என்று சொல்லிவிட்டார். அந்த அம்மா நன்றி சொல்லி வைத்தாராம், வேறு ஆள் பிடிக்க இரண்டு மாதம் இருக்கிறதே என்று. ஐயாவின் ஐந்து நிமிடச் சட்டத்தையும் கடைச் சுவரில் எழுதி ஒட்டியாயிற்று.

பிழைத்ததும் உண்டு. மச்சான் கலண்டரில் ஒரு நிகழ்வை விரலால் இழுத்து நகர்த்திவிட்டார், ஷீற்றில் பழைய நேரமே நின்றது. கலண்டர் மாறும்போது ஓடுகிற ட்ரிகர் ஒன்று இருக்கிறது என்று பார்த்தேன், ஏதோ மாறியது என்றுதான் அது சொல்லும், எந்த நிகழ்வு என்று சொல்லாது. அதைத் தேடிப் பிடிக்கப் போகாமல் அக்கா சொன்ன மாதிரி எல்லோருக்கும் பார்க்கும் உரிமை மட்டும் கொடுத்துவிட்டேன். மற்றது ஸ்கிரிப்ட் ஒரு நாள் நின்றே போனது. ஸ்கிரிப்ட் பிழைத்தால் வரும் அறிவிப்பு மெயில் நாளுக்கு ஒரு முறை என்று இருந்ததால் அடுத்த நாள்தான் தெரிந்தது. ட்ரிகர் அமைப்பில் "உடனடியாக" என்று மாற்றியிருக்கிறேன், நிறுவுகிறவர்கள் முதல் நாளே மாற்றுங்கள்.

அப்பாவுக்கு எஸ்எம்எஸ் போக வைக்க நினைத்தேன். கலண்டரில் அந்த வசதியை 2019 ஜனவரியிலேயே எடுத்துவிட்டார்கள். டெலிகிராம் அவருக்கு வேண்டாம். அதனால் ஞாயிறு மாலை ஆறு மணிக்கு ஸ்கிரிப்ட் அடுத்த கிழமையை ஒரு தாளில் அடங்குகிற மாதிரி எழுதி மெயிலில் அனுப்பும், நான் கடையில் அச்சடித்துக் கொடுப்பேன். இன்றைக்கும் கொடுத்தேன். கத்தரிக்கோலால் ஓரம் வெட்டி, பசை போட்டு, டயறியின் அந்தக் கிழமைப் பக்கத்தில் ஒட்டினார். பிறகு பேனையை எடுத்துப் புதன்கிழமை வரிக்குப் பக்கத்தில் ஏதோ எழுதினார். எட்டிப் பார்த்தேன்: "பெரியம்மாவுக்கு நடக்க ஏலாது, கதிரையோட எடுக்கவேணும்." ஷீற்றில் அப்படி ஒரு பத்தியை நான் யோசிக்கவே இல்லை. இப்போது "அப்பாவின் குறிப்பு" என்று பதினைந்தாவது பத்தி ஒன்று இருக்கிறது, அது கலண்டரில் விளக்கமாகப் போகிறது.

ஷீற்றின் பிரதி கேட்டுத் தனிமடலில் நாலு பேர் எழுதியிருக்கிறீர்கள். அதில் வீட்டுக்காரரின் பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாம் இருக்கிறது, அவற்றை எடுத்துவிட்டு வெறும் சட்டகமாகத்தான் தர முடியும். அடுத்த சனிக்கிழமைக்குள் போடுகிறேன். வான் ஓட்டத்துக்கு மாற்றி வேண்டும் என்றால் ஐயா சொல்லுங்கள், போகும் வழி நேரத்தை ஊருக்கு ஊர் வேறாக வைக்க ஒரு சின்ன அட்டவணை தேவைப்படும். எந்த ஊருக்கு எவ்வளவு என்று நீங்கள் எழுதித் தந்தால் நான் சேர்த்துவிடுகிறேன்.